எந்த மாத்திரைண்ணே நல்லது?

மதுரை பெரியாஸ்பத்திரியில் எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து கொடுக்கிற ஏ.ஆர்.டி. மையத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் யாரும் யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அது ஒரு நாகரிகம். எதிரே இருக்கிற ஆள் நம் ஊர்க்காரராக இருந்துவிடக் கூடாதே என்கிற வேண்டுதலும் அதில் உண்டு. 2007லிருந்து போய்வருகிற எனக்கு அந்தப் பயம் தேய்ந்துபோய்விட்டது. அதனால் போன ஆடி மாதம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனின் கையைப் பார்த்தேன். முழங்கைக்குக் கீழே வரிசையாகச் சூட்டுத் தழும்புகள். புரோட்டா மாஸ்டர். கேட்கவே வேண்டியதில்லை.

அவனும் என்னைப் பார்த்தான். கொஞ்ச நேரம் கழித்து மெல்ல நகர்ந்து வந்து, “அண்ணே, ரொம்ப நாளா வர்றீங்களோ?” என்றான். தலையாட்டினேன். செல்போனை எடுத்து ஒரு பட்டியலைக் காட்டினான். பிக்டார்வி, டோவாட்டோ, கபெனுவா என்று எல்லாம் அமெரிக்கப் பெயர்கள். பக்கத்திலேயே நட்சத்திரம் போட்டு மதிப்பெண் வேறு. அவனுக்கு மருந்து ஆரம்பித்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. மையத்தில் கொடுத்த டப்பாவில் இருந்ததோ டெனோபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர். சுருக்கமாக டி.எல்.டி.

“இதுல எந்த மாத்திரைண்ணே நல்லது? ஓசியில குடுக்குறதால நமக்கு மட்டமானதா குடுக்குறாய்ங்களோ?”

நான் டாக்டர் இல்லை. மேலூர்ப் பக்கம் ஒரு ரிஜிஸ்டர் ஆபீசுக்கு எதிரே தகரக் கொட்டகைக்குக் கீழே மேசை போட்டு உட்கார்ந்திருக்கிற பத்திர எழுத்தர். ஆனால் அவன் கேட்ட கேள்வியை நானும் என் வீட்டுக்காரியும் எங்கள் உடம்பிலேயே எழுதி, அடித்து, திருத்தி எழுதியிருக்கிறோம். அன்றைக்கு அவனுக்குப் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்தக் கிருமி செய்கிற வேலை. எனக்கு அது புரிந்தது என் தொழில் வழியாகத்தான். எச்.ஐ.வி. ஒரு போலிப் பத்திரக்காரன். ரத்தத்தில் நோயை எதிர்த்து நிற்கிற சி.டி.4 என்கிற வெள்ளை அணுவுக்குள் நுழைகிறான். கையில் இருப்பது ஆர்.என்.ஏ. என்ற துண்டுச்சீட்டு. அதைப் பார்த்து டி.என்.ஏ. மொழியில் ஒரு முழுப் பத்திரம் எழுதுகிறான். எழுதிய பத்திரத்தை அணுவின் உட்கருவுக்குக் கொண்டுபோய் அங்கே இருக்கிற மூலப்பத்திரத்தோடு சேர்த்துப் பதிவு செய்துவிடுகிறான். பதிவானதும் அணுவே அவன் சொன்ன சரக்கை நீள நீளமாகத் தயாரித்துக் கொடுக்கிறது. கடைசியில் ஒரு கத்தரிக்கோல் அதைத் துண்டு துண்டாக வெட்டிப் புதுக் கிருமிகளாக்குகிறது.

நாம் சாப்பிடுகிற ஒவ்வொரு மாத்திரையும் இந்த வேலையில் ஏதாவது ஓரிடத்தில் குறுக்கே கை வைக்கிறது. ஜிடோவுடின், ஸ்டாவுடின், லாமிவுடின், டெனோபோவிர், அபாகாவிர் எல்லாம் போலி எழுத்துகள். எழுதுகிறவன் நல்ல எழுத்து என்று நினைத்து எடுத்துப் போட்டதும் வரி அங்கேயே நின்றுவிடும். நெவிரபின், எபாவிரென்ஸ் இரண்டும் எழுதுகிற கையையே முறுக்கிப் பிடிப்பவை. டோலுடெக்ராவிர் பதிவாளர் மேசையில் வைத்துத் தடுக்கிறது. பத்திரம் எழுதியாயிற்று, ஆனால் பதிவாகாது. அடாசனாவிர், லோபினாவிர், டாருனாவிர் போன்றவை கத்தரிக்கோலை மழுங்க வைப்பவை.

ஏன் முழுக்கக் குணமாவதில்லை என்று கேட்பவர்களுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ஏற்கெனவே பதிவாகிப்போன பத்திரத்தை எந்த மாத்திரையாலும் ரத்து செய்ய முடியவில்லை. சில அணுக்களில் அது வேலை எதுவும் செய்யாமல் வருடக்கணக்கில் தூங்கும். நம் பாஷையில் சொன்னால் வில்லங்கம் அப்படியே நிற்கிறது. மாத்திரையை நிறுத்தினால் வில்லங்கக்காரன் கதவைத் தட்டுவான்.

எனக்குத் தெரியவந்தது 2004இல். பிறகு மூன்று வருடத்தை ஒரு நாட்டு வைத்தியரின் லேகியத்தில் தொலைத்தேன். குணமாகிவிடும் என்றார், நம்பினேன். நம்பியதற்குக் காரணம் அறியாமை மட்டுமில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் யாராவது பார்த்துவிடுவார்கள், லேகியம் என்றால் வயிற்றுக்கோளாறு என்று சொல்லிக்கொள்ளலாம். 2007இல் எனக்கு சி.டி.4 எண்ணிக்கை 164, என் வீட்டுக்காரிக்கு 140. அப்போதெல்லாம் 200க்குக் கீழே இறங்கினால்தான் கூட்டு மருந்து தருவார்கள். இன்றைக்கு அந்தக் கணக்கு கிடையாது. 2017இலிருந்து நோய் உறுதியானால் எண்ணிக்கை எவ்வளவாக இருந்தாலும் உடனே ஆரம்பிக்கிறார்கள். அந்தப் பையனுக்கு அது ஒரு அதிர்ஷ்டம் என்று சொன்னால் அவனுக்குப் புரியாது. நாங்கள் விழுவதற்காகக் காத்திருந்தவர்கள்.

அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் மருந்தைத் தேர்ந்தெடுத்தது ஹீமோகுளோபின். எனக்கு எட்டுக்கு மேலே இருந்தது, அதனால் ஜிடோவுடின். அவளுக்கு எட்டுக்குக் கீழே, அதனால் ஸ்டாவுடின். ஜிடோவுடின் ரத்தத்தைக் குறைக்கும், ஏற்கெனவே சோகை பிடித்தவர்களுக்கு ஆகாது. இருவருக்கும் மற்ற இரண்டும் ஒன்றுதான்: லாமிவுடின், நெவிரபின். நெவிரபின் தோலில் தடித்துக் கொப்புளிக்கும், ஈரலையும் தாக்கும் என்பதால் முதல் பதினான்கு நாள் ஒரு வேளை மட்டும். உடம்பு தாங்குகிறது என்று தெரிந்த பிறகு இரண்டு வேளை. காலை எட்டு, இரவு எட்டு.

எனக்கு ஆறேழு மாதத்தில் நகம் கறுக்க ஆரம்பித்தது. கட்டைவிரலில் கோடு கோடாக, பிறகு பட்டையாக. ஜிடோவுடினின் வேலை அது. எங்கள் தொழிலில் இது ஒரு வரம் மாதிரி அமைந்துவிட்டது. நாள் முழுக்க ரேகை வைக்கிற மை கையில் இருக்கும். “என்ன ரைட்டரே, நகத்துல இம்புட்டு மை ஏறிக்கிடக்கு” என்று கேட்டவர்களிடம், “முப்பது வருசத்து மைய்யா” என்று சொல்லிச் சிரித்துவிடுவேன். அவளுக்கு அப்படி ஒளிய இடமில்லை. ஸ்டாவுடின் முகத்தில் எழுதிவிட்டது.

இரண்டாவது வருடத்தில் கன்னம் ஒட்டியது. கை கால்களில் சதை வற்றி நரம்பு புடைத்துத் தெரிந்தது. வயிறு மட்டும் போட்டது. இதைக் கொழுப்பு இடம் மாறுவது என்பார்கள். இன்னொரு பக்கம் பாதம் எரிச்சல். இரவில் சிமெண்டுத் தரையில் ஈரத்துணி விரித்து அதன் மேல் காலை வைத்துத் தூங்குவாள். கல்யாண வீட்டில் பெண்கள் அவளை ஓரமாகக் கூப்பிட்டு, “என்னடி இப்பிடி வத்திப் போயிட்ட, சுகரா?” என்று கேட்பார்கள். சுகர் என்று சொல்லச் சொன்னேன். சுகர் என்று சொன்ன பிறகு பந்தியில் பாயசம் சாப்பிட முடியாமல் போனதுதான் அவளுக்கு வருத்தம்.

இப்போது கேட்பவர்கள் ஸ்டாவுடினை விஷம் என்பார்கள். 2009இல் உலக சுகாதார நிறுவனமே அதைப் படிப்படியாக விடச் சொல்லிவிட்டது. இங்கேயும் பிறகு நிறுத்தினார்கள். ஆனால் என்னால் அதை அவ்வளவு எளிதாகத் திட்ட முடியாது. அவளை உயிரோடு வைத்தது அதுதான். சி.டி.4 140இலிருந்து ஒரே வருடத்தில் 310 ஆனது. அது இலவசமாக எங்கள் கைக்கு வந்த கதையும் ஒரு சட்டக் கதை என்பதால் எனக்குக் கூடுதல் பிரியம்.

நம் நாட்டின் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்து என்கிற பொருளுக்கு உரிமை தரவில்லை. அதைச் செய்கிற முறைக்கு மட்டுமே தந்தது. அதனால் வெளிநாட்டில் மூன்று கம்பெனிகள் தனித்தனியாகப் பட்டா போட்டு வைத்திருந்த மூன்று மருந்துகளை இங்கே ஒரே மாத்திரையில் அடைக்க முடிந்தது. ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிரபின் சேர்ந்த கூட்டைத்தான் 2001 பிப்ரவரியில் இந்திய மருந்துக் கம்பெனியான சிப்லாவின் யூசுப் ஹமீது, எல்லை கடந்த மருத்துவர்கள் அமைப்புக்கு வருடத்துக்கு 350 டாலருக்குத் தருகிறேன் என்று அறிவித்தார். அன்றைய கணக்கில் சுமார் 16,000 ரூபாய். மேலை நாடுகளில் அப்போது வருடத்துக்கு 10,000 டாலருக்கு மேல். விலை இறங்கிய பிறகுதான் ஏழை நாடுகளின் அரசுகளுக்கு இதை இலவசமாகத் தரலாம் என்ற தைரியமே வந்தது. இந்தியாவில் 2004 ஏப்ரல் 1ஆம் தேதி தொடங்கினார்கள், தமிழ்நாட்டில் தாம்பரம் சானடோரியம் முதல் வரிசையில் இருந்தது. சட்டத்தில் ஒரு வார்த்தை எங்கே நிற்கிறது என்பதில் எத்தனை உயிர் தொங்குகிறது பாருங்கள். நான் கிரயப் பத்திரத்தில் செக்குபந்தி என்று நான்கு எல்லையை எழுதும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வேன்.

அப்புறம் அவளுக்கு ஸ்டாவுடினை மாற்றி டெனோபோவிர் கொடுத்தார்கள். கூடவே நெவிரபின் போய் எபாவிரென்ஸ் வந்தது. மூன்றும் சேர்ந்து ஒரே மாத்திரை, இரவில் ஒரு தடவை. கால் எரிச்சல் மெல்லத் தணிந்தது. கன்னம் முழுதாகத் திரும்பவில்லை.

எபாவிரென்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் கனவைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். முதல் வாரம் அவள் இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, செத்துப்போன தன் அம்மா அடுப்படியில் புளி கரைத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். வாசனை வருகிறது என்றாள். இன்னொரு நாள் அழகர் ஆற்றில் இறங்குகிறார், ஆனால் வைகையில் தண்ணீருக்குப் பதில் மை ஓடுகிறது என்றாள். பயந்து சொல்லவில்லை, சினிமா பார்த்தவள் மாதிரி சொன்னாள். எழுந்து நடந்தால் தலை சுற்றும். அதனால்தான் படுக்கப் போகும்போது போடச் சொல்கிறார்கள். எண்ணெய், கொழுப்பு அதிகமான சாப்பாட்டோடு போட்டால் மருந்து ரத்தத்தில் கூடுதலாக ஏறும். கறிச்சோறு தின்ற ஞாயிற்றுக்கிழமைகளில் கனவு இரண்டு ரீல் கூடுதல். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரத்தில் அடங்கிவிடும். சிலருக்கு அடங்காது. மனசோர்வும், உயிரை மாய்த்துக்கொள்கிற எண்ணமும்கூட வரும். எங்களோடு பெஞ்சில் இருந்த ஒருவர் அப்படி முகம் இருண்டு போய், கவுன்சிலர் மேடம் கண்டுபிடித்து மாற்றிக் கொடுத்தார்கள். எந்த மாத்திரை சாப்பிட்டாலும் மனசு திடீரென்று இருட்டினால் வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும்.

எபாவிரென்ஸ், நெவிரபின் இரண்டுக்கும் பெரிய குறை வேறு. கிருமி எழுதுகிற பத்திரத்தை ஒப்பிட்டுப் படிக்க ஆள் கிடையாது, ஆகவே எழுத்துப் பிழைகள் விழுந்துகொண்டே இருக்கும். நமக்குக் கெட்ட நேரம் என்றால் அதில் ஒரு பிழை மருந்தை மீறுகிற பிழையாக அமையும். அந்த எழுதுகிற கையின் 103ஆம் இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினால் போதும், இந்த இரண்டு மருந்துமே ஒரே நாளில் செல்லாக்காசு. நாம் வேளை தவறவிடும்போதுதான் கிருமி அரைகுறை மருந்துக்கு நடுவே எழுதிப் பழகுகிறது. இந்த இரண்டும் ரத்தத்தில் பல நாள் தங்கக் கூடியவை வேறு. மூன்றையும் சேர்த்து நிறுத்தினால் மற்ற இரண்டும் வெளியேறிய பிறகு இது மட்டும் தனியாக நின்றுகொண்டிருக்கும். ஒற்றை ஆள் காவல். கிருமிக்கு அதைவிட நல்ல பயிற்சிக்கூடம் கிடையாது.

எனக்கு இது தெரியாமல் ஒன்பது நாள் நிறுத்தினேன். என் அம்மா செத்த வீடு. உறவுக்காரர்கள் நிறைந்த வீட்டில் மாத்திரை டப்பா கலகலவென்று சத்தம் போடும். மறைத்து வைத்த இடத்துக்குப் போகவே முடியவில்லை. அடுத்த மாதம் மருந்தாளுநர் மிச்ச மாத்திரையை எண்ணிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் என்னையே பார்த்தார். அறுபது வேளையில் மூன்றுக்கு மேல் தவறக் கூடாது என்பது கணக்கு. நான் பதினெட்டு. தப்பித்தது என் சாமர்த்தியத்தால் இல்லை. அதற்குப் பிறகு டப்பாவுக்குள் பஞ்சு அடைத்து வைத்தேன், சத்தம் நின்றது.

தப்பிக்காதவர் ஒருவர் உண்டு. தேனிப் பக்கத்து லாரிக்காரர். இலவச மருந்து வருவதற்கு முன்பே ஒரு தனியார் டாக்டர் அவருக்கு இரண்டே இரண்டு மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார். மூன்றுக்குக் காசு இல்லை என்பதால் இரண்டு. அந்தக் காலத்து மருந்துகளில் மூன்று சேர்ந்தால்தான் நிற்கும் என்று 1996இலிருந்தே உலகத்துக்குத் தெரியும். இரண்டை மட்டும் கொடுப்பது கிருமிக்கு டியூஷன் வைப்பது மாதிரி. முதல் வரிசை மருந்துகள் அவருக்குச் சீக்கிரமே தோற்றன, இரண்டாம் வரிசைக்குப் போனார். முதலில் லோபினாவிர். வயிற்றுப்போக்கு. தேனி பஸ்ஸில் ஏறுவதற்கு முன்னால் காலையிலிருந்து பட்டினி கிடப்பார். பிறகு அடாசனாவிருக்கு மாற்றினார்கள். வயிறு சரியானது, கண் மஞ்சளானது. பித்தநீர் நிறமி ரத்தத்தில் தேங்குவதால் வருகிற மஞ்சள், ஈரலுக்கு அதனால் கெடுதல் இல்லை. ஊரில் விடுவார்களா? காமாலை என்று சொல்லி ஆளாளுக்குக் கீழாநெல்லியை அரைத்துக் கொண்டுவந்து நின்றார்கள். “மஞ்ச கலையாம இருக்கேன்னு அவங்களுக்குத்தான் கவலை. எனக்கென்ன, கறுப்புக் கண்ணாடி வாங்கிட்டேன்” என்பார். லாரிக்காரருக்கு அது பொருத்தமாகவும் இருந்தது.

2021இல் எங்கள் இருவருக்கும் டி.எல்.டி. வந்தது. பதினான்கு வருடத்துக்குப் பிறகு புருஷனும் பொண்டாட்டியும் ஒரே டப்பா. என் நகம் ஒரு வருடத்தில் வெளுத்தது. “மை தீந்துபோச்சா ரைட்டரே?” என்று கேட்டார்கள்.

டோலுடெக்ராவிர் 2013இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. அடுத்த வருடமே ஏழை நாடுகளுக்காக மருந்துக் காப்புரிமைக் கூட்டமைப்பு மூலம் உரிமம் கிடைத்து, இந்தியக் கம்பெனிகள் செய்யத் தொடங்கின. 2017இல் மூன்றும் சேர்ந்த மாத்திரையை வருடத்துக்குச் சுமார் 75 டாலருக்குத் தருவதாக ஒப்பந்தம் ஆனது, பிறகு அதுவும் குறைந்தது. ஆக விலை குறைந்ததற்குக் காரணம் சரக்கு மட்டம் என்பதில்லை தம்பி, போட்டி. கிருமியை வேகமாக இறக்குகிறது, முக்கியமாக அதை மீறுகிற எழுத்துப் பிழை அவ்வளவு லேசில் விழுவதில்லை. ஒரு வேளை தவறினால் உடனே தலை போகாது. (இதைப் படித்துவிட்டு யாரும் தவறவிடக் கிளம்ப வேண்டாம்.) எபாவிரென்ஸ் அளவுக்குக் கனவு கிடையாது. சிலருக்குத் தூக்கம் கெடும், அவர்கள் காலையில் போட்டுக்கொள்ளலாம். 2018இல் போட்ஸ்வானாவிலிருந்து ஒரு பயம் வந்தது. கரு உருவாகும் நேரத்தில் தாய் இந்த மருந்தில் இருந்தால் குழந்தையின் முதுகுத்தண்டு, மூளை வளர்ச்சியில் குறை வருகிறதோ என்று. பல நாட்டில் பெண்களுக்குக் கொடுக்கத் தயங்கினார்கள். கூடுதல் பிரசவங்களைக் கணக்கில் எடுத்தபோது அந்த வித்தியாசம் கரைந்துபோயிற்று.

குறை இல்லாமல் இல்லை. எடை போடுகிறது. அவள் நாற்பத்து நான்கு கிலோவிலிருந்து ஐம்பத்தேழு ஆனாள். “அன்னைக்கி ஒரு மாத்திர வத்த வச்சுச்சு, இன்னைக்கி ஒரு மாத்திர ஊத வச்சுருக்கு. நடுவுல ஒரு மாத்திர இருந்தா கேட்டு வாங்கிட்டு வாங்க” என்றாள். கல்யாண வீடுகளில் இப்போது பாயசம் இரண்டு தம்ளர். எனக்கு வேறு வேடிக்கை. மாத்திரை மாறிய மூன்றாம் மாதம் ரத்தத்தில் கிரியாட்டினின் என்கிற கழிவின் அளவு 1.0இலிருந்து 1.2 ஆனது. எங்கள் ஊர் லேப்காரர் “கிட்னி போகுது” என்று ஒரே போடாகப் போட்டார். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மையத்து டாக்டர் சிரித்தார். டோலுடெக்ராவிர் கிரியாட்டினின் வெளியேறும் ஒரு வாசலை லேசாகச் சாத்துகிறது, கிட்னியின் வேலை குறையவில்லை, எண் மட்டும் கொஞ்சம் ஏறும் என்று விளக்கினார். உண்மையிலேயே கிட்னியைக் கவனிக்க வேண்டியது டெனோபோவிருக்காக. அது நாள்பட்டால் சிறுநீரகத்தையும் எலும்பின் அடர்த்தியையும் தொடும், அதற்காகத்தான் அவ்வப்போது பரிசோதனை. கிட்னி கெட்டவர்களுக்கு அபாகாவிர் கொடுப்பார்கள். அதில் ஒரு எச்சரிக்கை உண்டு. ஒருவகை மரபணு உள்ளவர்களுக்குக் காய்ச்சலும் தடிப்புமாகக் கடும் ஒவ்வாமை வரும். வந்து ஒருமுறை நிறுத்தியதை மறுபடி தொட்டால் உயிருக்கே ஆபத்து.

எனக்குச் சுகரும் வந்துவிட்டது. அவள் சொன்ன பொய் என்னிடம் பலித்துவிட்டது. சுகர் மாத்திரையான மெட்பார்மின் ரத்தத்தில் கூடிப்போகும் என்பதால் அதை டோலுடெக்ராவிரோடு ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேல் கொடுப்பதில்லை. சுகர் டாக்டரிடம் இதைச் சொல்ல வேண்டுமென்றால் எதற்கு அந்த மாத்திரை என்று சொல்ல வேண்டும். சொன்னேன். அவர் ஒரு நிமிடம் பேனாவை மூடித் திறந்தார், பிறகு அளவைக் குறைத்து எழுதினார். அவ்வளவுதான். இதற்குப் போய் ஆறு மாதம் பயந்திருந்தேன்.

இனி பையனின் பட்டியல். பிக்டார்வி 2018இல் வந்த மாத்திரை. அதில் இருக்கிற பிக்டெக்ராவிர் டோலுடெக்ராவிருக்கு ஒன்றுவிட்ட தம்பி, இதுவும் பதிவாளர் மேசைக்காரன். இரண்டையும் நேருக்கு நேர் வைத்துச் சோதித்தபோது கிருமியை அடக்குவதில் ஒன்றுக்கொன்று சளைக்கவில்லை. கூடவே இருப்பது டெனோபோவிரின் புதிய வடிவம், டி.ஏ.எப். என்பார்கள். 25 மில்லிகிராமே போதும், கிட்னிக்கும் எலும்புக்கும் பாந்தமானது. ஆனால் எடையும் கொழுப்பும் கூட்டுவதில் பழையதைவிட ஒரு படி மேல். அமெரிக்காவில் பட்டியல் விலை மாதத்துக்கு 3,000 டாலருக்கு மேல். டோவாட்டோவில் இரண்டே மருந்து, டோலுடெக்ராவிரும் லாமிவுடினும். அதாவது நம் டப்பாவிலிருந்து டெனோபோவிரை எடுத்துவிட்டால் அதுதான். ஹெபடைடிஸ்-பி கூட இருப்பவர்களுக்கு அது மட்டும் போதாது. மஞ்சள் காமாலைக் கிருமியையும் சேர்த்து அடக்குவது டெனோபோவிர்.

கபெனுவா ஊசி. கபோடெக்ராவிர், ரில்பிவிரின் இரண்டையும் பிட்டத்துக்கு ஒன்றாக, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போட்டுக்கொள்ளலாம். எனக்கே ஆசைதான். டப்பா இல்லை, பஞ்சு இல்லை, செத்த வீட்டில் ஒளிக்க வேண்டியதில்லை. 2025 ஜூலையில் உலக சுகாதார நிறுவனமும் கிருமி அடங்கியவர்களுக்கு இதை ஒரு மாற்றாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் ரில்பிவிரினைக் குளிரில் வைத்திருக்க வேண்டும். தேதி தவறினால் மருந்து மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறையும், மறுபடி அந்த ஒற்றை ஆள் காவல். ஹெபடைடிஸ்-பிக்கு உதவாது.

எல்லாவற்றையும்விட, நம் ஊரில் காசநோய் இருக்கிறது. எச்.ஐ.வி. இருப்பவர்களை அதிகம் கொண்டுபோவது அதுதான். காசநோய்க்குக் கொடுக்கிற ரிபாம்பிசின் ஈரலை முடுக்கிவிட்டு மற்ற மருந்துகளைச் சீக்கிரம் எரித்துத் தள்ளும். பிக்டெக்ராவிர் அதோடு சேர முடியாது, அந்த ஊசியும் முடியாது. டோலுடெக்ராவிர் மட்டும், காலையில் ஒன்று போட்டால் இரவில் இன்னொரு 50 மில்லிகிராம் கூட்டினால் தாக்குப்பிடிக்கும். பட்டியலில் நட்சத்திரம் போட்டவர் இருக்கிற ஊரில் பக்கத்து வீட்டில் இருமல் சத்தம் கேட்காது போலிருக்கிறது.

இதில் முக்கால்வாசியைச் சொல்லி முடித்தபோது பையன் இன்னொன்று கேட்டான். குரல் இறங்கியது. “கல்யாணம்லாம்...?” ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கி அப்படியே நின்றால் உடலுறவு மூலம் துணைக்குப் பரவாது என்றேன். 2011இல் முடிவு வந்த பெரிய ஆய்வில் நம் சென்னையும் ஓர் இடம். மருந்தைச் சீக்கிரம் ஆரம்பித்தவர்களின் துணைகளுக்குத் தொற்று 96 சதவீதம் குறைந்தது. பிறகு வந்த ஆய்வுகள் இன்னும் உறுதியாகச் சொல்லிவிட்டன. கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணிடம் முதலிலேயே சொல்லிவிடு என்றும் சொன்னேன். அவன் தழும்பைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான்.

டோக்கன் கூப்பிட இன்னும் நேரமிருந்தது. டீ குடிக்கலாம் என்று வெளியே வந்தோம். கோரிப்பாளையம் பக்கம் ஒரு கடையில் நான் டீ சொன்னேன், அவன் வேண்டாம் என்றான். நெஞ்சு எரிச்சலாம். பேண்ட் பையிலிருந்து ரோஸ் கலர் பாட்டிலை எடுத்து இரண்டு மடக்குக் குடித்தான். ஜெலுசில்.

“இது எப்பப்பா குடிப்ப?”

“அடுப்பு சூடுல நிக்கிறோம்ல, எந்நேரமும் எரியும்ணே. முக்கியமா ராத்திரி ஒரு மணிக்கிக் கடையடைச்சு, கல்லக் கழுவி, மிச்சம் இருக்கத தின்னுபுட்டு, மாத்திரையப் போட்டு, ஜெலுசிலக் குடிச்சாத்தான் தூக்கம்.”

டீயைக் கீழே வைத்துவிட்டேன். ஜெலுசிலில் இருக்கிற அலுமினியமும் மெக்னீசியமும் வயிற்றிலேயே டோலுடெக்ராவிரைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும், ரத்தத்துக்கு விடாது. இரண்டு மணி நேரம் முன்னால் மாத்திரை, இல்லையென்றால் ஆறு மணி நேரம் கழித்து. சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து மாத்திரைகளுக்கும் ஏறக்குறைய இதே சட்டம், அவற்றை மட்டும் சாப்பாட்டோடு சேர்த்தால் ஒன்றாகப் போடலாம். மூன்று வாரமாக இவன் உலகத்தின் நல்ல மாத்திரைகளில் ஒன்றை ரோஸ் கலர் தண்ணியில் கரைத்து வெளியே விட்டுக்கொண்டிருந்திருக்கிறான். மையத்தில் கேட்டிருப்பார்கள், “வேற மாத்திரை எதுவும் சாப்பிடுறீங்களா?” என்று. இவன் இல்லை என்றிருப்பான். ஜெலுசிலை நம் ஊரில் யார் மருந்தில் சேர்த்தார்கள்? பருத்திப்பால் கணக்கில்தான் சேரும்.

திரும்பிப் போய் டாக்டரிடம் பாட்டிலைக் காட்டச் சொன்னேன். அவர் பாட்டிலைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், எப்போது எழுந்திருப்பாய் என்று கேட்டார். பதினொன்றரைக்கு. கடைக்கு எப்போது? பன்னிரண்டுக்கு. அப்படியென்றால் மாத்திரை பன்னிரண்டு மணிக்கு என்று கையேட்டில் எழுதிக் கொடுத்தார். நெஞ்செரிச்சலுக்குத் தனியாக ஒருநாள் வரச் சொன்னார். எந்த மாத்திரை நல்லது என்ற கேள்வியை அவன் அவரிடம் கேட்கவில்லை, பட்டியல் இருந்த போன் பையிலேயே இருந்தது.

மறுநாள் மதியம் 12:10க்கு எனக்கு ஒரு செய்தி வந்தது. “போட்டாச்சுண்ணே. மாவு பிசையப் போறேன். ராத்திரி ஜெலுசில் குடிக்கலாம்ல?”

விரல் விட்டு எண்ணினேன். முன்னால் பதின்மூன்று மணி நேரம், பின்னால் பதினொன்று. “குடி” என்று போட்டேன்.